குணா ஜெயிச்சிருச்சு

2024 மார்ச் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. புதுச்சேரியில் ஒரு தியேட்டர், மாலைக் காட்சி. ஓடுவது மலையாளப் படம். உள்ளே உட்கார்ந்திருப்பவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு மலையாளம் தெரியாது என்பது வேறு விஷயம். படம் 'மஞ்சும்மல் பாய்ஸ்'. கொடைக்கானல் குகைக்குழிக்குள் விழுந்தவனை அவனுடைய கூட்டாளி இழுத்துக்கொண்டு மேலே வருகிற நேரம் பார்த்து, 1991-இல் வந்த 'குணா' படத்தின் அந்தக் கடிதப் பாட்டு ஒலிக்கிறது. அவ்வளவுதான். விசில், கைத்தட்டல், கூச்சல். 'குணா' வந்தபோது பிறந்தே இருக்காத பசங்கள் எல்லாம் கூடச் சேர்ந்து பாடுகிறார்கள்.

நாற்பத்தேழு வயசு ஆள் ஒருவன் மட்டும் கை தட்டவில்லை. பாட்டு முடிகிற வரைக்கும் முன்சீட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வெளியே வந்து, வண்டியை எடுக்காமல், பாரிசுக்குப் போன் போட்டான். இங்கே ராத்திரி ஒன்பதரை. அங்கே சாயங்காலம் ஐந்து.

"என்னடா?"

"குணா ஜெயிச்சிருச்சு."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் பதில் வந்தது. "இருக்கட்டும். ஓடுனது தளபதிதான்."

ஐம்பதை நெருங்குகிற இரண்டு பேர், ஒருவன் கணக்கு எழுதுகிறவன், இன்னொருவன் பிரெஞ்சுக் குடிமகன், எதற்காக இப்படிப் பேசிக்கொள்ள வேண்டும்? அதற்குக் கொசுவத்தியைக் கொஞ்சம் பெரிசாகவே சுற்ற வேண்டியிருக்கிறது.

முதலில் அந்த வீடு. முதலியார்பேட்டைப் பக்கம், தெருவைப் பார்த்துத் தாழ்வாரமும் திண்ணையும் உள்ள பழைய வீடு. தெருவுக்கே அது 'சொல்தா வீடு'. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவரைப் புதுச்சேரியில் சொல்தா என்றுதான் சொல்வார்கள். 1954 நவம்பர் 1 அன்று ஊர் இந்தியாவின் கைக்கு வந்தது. ஆனால் பிரான்ஸ் சட்டப்படி ஒப்படைத்து முடித்தது 1962 ஆகஸ்ட் 16-இல். அதற்கப்புறம் ஆறு மாதத்துக்குள் பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுமென்றவர்கள் எழுதிக் கொடுக்கலாம் என்று ஒரு ஏற்பாடு. சில ஆயிரம் பேர் எழுதிக் கொடுத்தார்கள். அந்தச் சில ஆயிரத்தில் இந்த வீட்டுத் தாத்தாவும் ஒருவர். இந்தோசீனாவில் வேலை பார்த்தவர். பென்ஷன் பிராங்கில் வரும். பிராங்கில் பென்ஷன் வருகிற வீட்டில்தான் தெருவின் முதல் கலர் டிவியும் வந்தது. இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

சாலிடேர் டிவி. அதற்கு மேல் ஆயா பின்னிய ஒரு வெள்ளைத் துணி, அதற்கு மேல் ஒரு பிளாஸ்டிக் ரோஜா. மொட்டை மாடியில் தென்னை மர உயரத்துக்கு ஆன்டெனா. (காரைக்கால் பக்கம் இருந்தவர்கள் அதே ஆன்டெனாவைத் தெற்கே திருப்பி இலங்கை ரூபவாஹினி பார்த்த கதையெல்லாம் தனி. அது பெரிய பொறாமை.) சென்னைத் தொலைக்காட்சி தொடங்கியது 1975 ஆகஸ்ட் 15 அன்று என்றாலும், இந்தத் தெருவைப் பொறுத்தவரை அது தொடங்கியது சொல்தா தாத்தா பெட்டியைப் பிரித்த அன்றைக்குத்தான்.

வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்'. அதை விவரிக்கவே வேண்டாம், பார்த்தவர்களுக்குத் தெரியும், பார்க்காதவர்களுக்குச் சொன்னாலும் புரியாது. ஒரு வாரம் முழுக்கக் காத்திருந்து ஏழெட்டுப் பாட்டு. அதற்கு ஐம்பது பேர். சொல்தா வீட்டுக்குள் நுழைய ஆயா ஒரு சட்டம் வைத்திருந்தார்: கால் கழுவிக்கொண்டு வர வேண்டும், நடுவில் எழுந்து போகக் கூடாது. பெண்கள் முற்றத்து ஓரம், பையன்கள் தரையில், மில்லில் ஷிப்ட் முடிந்து வந்தவர்கள் சுவரில் சாய்ந்து நின்றபடி. முன்னதாகவே வந்து இடம் பிடிப்பதற்காக 'வயலும் வாழ்வும்' பார்த்தவர்கள் உண்டு. நெல்லுக்கு எப்போது மருந்து அடிக்க வேண்டும் என்பது அந்தத் தெருவில் ஒரு சென்ட் நிலம் இல்லாதவனுக்கும் அத்துப்படி. 'தடங்கலுக்கு வருந்துகிறோம்' அட்டை வந்தால்கூட யாரும் எழுந்து போக மாட்டார்கள். அட்டையையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

அவனுடைய அப்பா ஏ.எஃப்.டி. மில் தொழிலாளி, சிவாஜி ரசிகர். வீட்டில் டிவி இல்லை. சொல்தா வீட்டுப் பேரனும் அவனும் ஒரே வயசு. பேரன் படித்தது லிசேயில், பிரெஞ்சில். அவன் படித்தது அரசுப் பள்ளியில், தமிழில். பகலில் இரண்டு பேருக்கும் சம்பந்தமே கிடையாது. சாயங்காலம் பொட்டி முன்னால் உட்கார்ந்தால் ஒரே பாஷை. நேயர்கள் கடிதம் வாசிக்கிற 'எதிரொலி' நிகழ்ச்சிக்கு இரண்டு பேரும் சேர்ந்து போஸ்ட் கார்டு போடுவார்கள். அவன் எழுதுவது: 'ஒளியும் ஒலியும்' நிகழ்ச்சியில் கமல் பாட்டு குறைவாக இருக்கிறது. பேரன் எழுதுவது: ரஜினி பாட்டு குறைவாக இருக்கிறது. ஒரே பேனா, ஒரே கையெழுத்து. ஏனென்றால் பேரனுக்குத் தமிழில் வேகமாக எழுத வராது. இரண்டு கார்டும் ஒரு தடவைகூட வாசிக்கப்படவில்லை. இரண்டு புகாரும் ஒரே கையெழுத்தில் வந்தால் யார்தான் வாசிப்பார்கள்.

1988 ஐப்பசியில் தாத்தா இறந்து போனார்.

ஆயா டிவியின் மேல் ஒரு போர்வையைப் போர்த்தி, வருஷம் திரும்புகிற வரை யாரும் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டார். முதல் வெள்ளிக்கிழமை தெருவே தயங்கி நின்றது. இரண்டாவது வெள்ளிக்கிழமை நாலு வீடு தள்ளி இன்னொரு வீட்டில் புது டிவி இருப்பது தெரிந்துபோய், கூட்டம் அங்கே நகர்ந்துவிட்டது. யாரையும் குற்றம் சொல்ல முடியாது. ஐம்பது பேரும் வந்தது பாட்டுக்குத்தான், தாத்தாவுக்காக இல்லை. ஆனால் பதினோரு வயசுப் பையன் ஒருவனுக்குத் தன் வீட்டு வாசல் திடீரென்று காலியாகிப் போவதை அப்படியெல்லாம் யோசித்துப் பார்க்க முடியாது. பேரன் திண்ணையில் உட்கார்ந்து தெருவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவனும் அந்தப் புது வீட்டுக்குத்தான் கிளம்பினான். உண்மையைச் சொன்னால் வாசல் வரைக்கும் போய்விட்டான். உள்ளே இடம் இல்லை. திரும்பி வந்து திண்ணையில் உட்கார்ந்தான். (பாசத்தில் வந்தான் என்று எழுதினால் நன்றாக இருக்கும். இடம் இல்லாமல்தான் வந்தான். அவனே சொல்வது.) நாலு வீடு தள்ளி ஓடுகிற டிவியின் சத்தம் திண்ணை வரைக்கும் கேட்டது. பாட்டு ஆரம்பித்ததும் பேரன் மெதுவாகக் கேட்டான், "இது யாரு படம்?"

அப்படித் தொடங்கிய விளையாட்டு ஒரு வருஷம் ஓடியது. பாட்டின் முதல் இசைத் துணுக்கிலேயே என்ன படம், யார் நடிப்பு, எந்த இடத்தில் எடுத்தது என்று சொல்ல வேண்டும். திண்ணையில் கரிக்கட்டியால் கோடு போட்டு மார்க். படம் தெரியாத பாட்டுக்கு அவர்களே காட்சி அமைப்பார்கள். ஒருவன் குதிரையைக் கொண்டுவருவான், இன்னொருவன் மழையைக் கொண்டுவருவான். ஐம்பது வெள்ளிக்கிழமை இப்படி. வருஷம் திரும்பி ஆயா போர்வையை எடுத்தபோது, காதால் மட்டுமே பார்த்திருந்த பாட்டுகளைக் கண்ணால் பார்த்து இரண்டு பேரும் நொந்துபோனார்கள். குதிரையும் இல்லை, மழையும் இல்லை. ஹீரோ பூங்காவில் செடியைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தார்.

கூட்டம் திரும்பி வரவில்லை. அதற்குள் தெருவில் இன்னும் ஐந்தாறு வீட்டில் டிவி வந்துவிட்டது. அந்த ஐம்பது பேர் ஒரே இடத்தில் சேர்ந்து உட்கார்ந்தது அதற்கப்புறம் கல்யாண வீட்டிலும் எழவு வீட்டிலும்தான்.

1991 தீபாவளிக்கு வருவோம். நவம்பர் 5. ஒரே நாளில் 'தளபதி', 'குணா'. தமிழ்நாட்டு வரைபடத்தையே இரண்டாகக் கிழித்த நாள் அது, புதுச்சேரி மட்டும் தப்புமா. கமல் தன்னுடைய மன்றங்களை நற்பணி இயக்கமாக மாற்றியிருந்தார், அதனால் கமல் ரசிகர்கள் ரத்ததானம் செய்துவிட்டு அப்புறம் சண்டைக்குப் போவார்கள். ரஜினி ரசிகர்கள் நேரடியாகவே சண்டைக்கு வருவார்கள். இவர்களுக்குள் ஓர் ஒப்பந்தம்: முதல் நாளே இரண்டு படத்தையும் இரண்டு பேரும் சேர்ந்து பார்க்க வேண்டும். காலையில் தளபதி, சாயங்காலம் குணா. தீபாவளிக் காசு மொத்தமும் போனது.

தளபதியில் அவன் கை தட்டினான். மறைக்க வேண்டியதில்லை. மணிரத்னம் கர்ணனைக் கொண்டுவந்து சேரியில் நிறுத்தியிருந்தார், சந்தோஷ் சிவன் எதிரில் சூரியனை நிறுத்தியிருந்தார், இளையராஜா மீதியைப் பார்த்துக்கொண்டார். கை தட்டாமல் இருந்தால்தான் தப்பு. சாயங்காலம் குணா. பாதிப் படத்திலேயே கூட்டம் நெளிய ஆரம்பித்தது. மனநிலை சரியில்லாத ஒருவன், ஒரு பெண்ணைக் கடத்திப்போய் மலைக்குகையில் வைத்துக்கொண்டு, அவளை அபிராமி என்கிறான். தீபாவளிக்குப் பட்டாசு வெடித்துவிட்டு வந்த கூட்டத்துக்கு அது செரிக்கவில்லை. பின்வரிசையில் ஒருவன் கிண்டலாக ஏதோ கத்தினான். சிரிப்பு. அப்போது பக்கத்து சீட்டிலிருந்து இன்னொரு கிண்டல் எழுந்தது, அதற்கு இன்னும் பெரிய சிரிப்பு. கத்தியது பேரன்.

அவன் எழுந்து வெளியே போய்விட்டான். மழை. கடைசிக் காட்சியைப் பார்க்கவில்லை. இரண்டு வாரம் பேசவில்லை. தன் படத்துக்கு அவன் கை தட்டினான், தன் படத்துக்குக் கூட்டாளி சிரித்தான். பதினாலு வயசில் இதைவிடப் பெரிய துரோகம் உலகத்தில் கிடையாது. அப்பாவிடம் போய்ச் சொன்னதற்கு, "ரெண்டுல எதுலடா நடிப்பு இருந்துச்சு?" என்று கேட்டார். சிவாஜி ரசிகர்களிடம் நியாயம் கேட்கப் போகக் கூடாது.

அப்புறம் சமாதானம் ஆனார்கள், வேறென்ன செய்வது. 1995 தீபாவளிக்கு மறுபடியும் அதே கதை: அக்டோபர் 23 அன்று 'முத்து'வும் 'குருதிப்புன'லும். இந்த முறை பேரன் குருதிப்புனலில் வாயைத் திறக்கவில்லை. பாட்டே இல்லாத படம், கிண்டலுக்கு இடைவெளியும் இல்லை. முத்து பிறகு 1998-இல் ஜப்பானில் போய் ஓடு ஓடு என்று ஓடியது. அது பேரனுக்கு வாழ்நாள் முழுக்கக் கையில் வைத்துக்கொள்ள ஒரு துருப்புச் சீட்டு.

1996-இல் லிசே படிப்பை முடித்துவிட்டு பேரன் பிரான்சுக்குப் போனான். புதுச்சேரியில் இது செய்தியே இல்லை. ஏதாவது ஒரு தெருவில் ஏதாவது ஒரு வீட்டிலிருந்து யாராவது போய்க்கொண்டேதான் இருக்கிறார்கள், கோடை விடுமுறைக்கு வந்து தெருவில் பிரெஞ்சு பேசிவிட்டுத் திரும்பிப் போகிறார்கள். போகிறவர்கள் எப்படி உணர்ந்தார்கள் என்று எழுத ஆள் இருக்கிறது. தெருவிலேயே இருந்துவிட்டவர்களை யாரும் கேட்பதில்லை.

கடிதம் போட்டார்கள். கடிதம் முழுக்கப் படம். இங்கிருந்து அவன் என்ன ரிலீஸ், எது ஓடுகிறது, எது மொக்கை என்று எழுதுவான். அங்கிருந்து பாரிசில் லா ஷப்பெல் பகுதியில் ஈழத்தமிழர் கடைகளில் வீடியோ கேசட் கிடைக்கிறது, எத்தனை மாதம் கழித்து எந்தப் படம் வந்தது என்று பதில் வரும். 1997-இல் சன் டிவியில் 'மர்மதேசம்' வரிசையில் 'விடாது கருப்பு' ஓடிய காலம். நாகா இயக்கம், இந்திரா சௌந்தர்ராஜன் கதை. ஊரே வாரம் ஒரு ராத்திரி பயந்துபோய்த் தூங்கியது. இதைக் கூட்டாளி பார்க்காமல் விடுவதா என்று, தெரிந்த ஒரு வீட்டு வி.சி.ஆரில் வாரா வாரம் பதிவு செய்து, பாரிசுக்குப் போகிறவர்கள் பையில் கேசட்டைத் திணித்து அனுப்பினான். அவனுக்குத் தெரியாதது ஒன்று இருந்தது. இந்தியாவில் டிவி 'பால்' முறை, பிரான்சில் 'செக்காம்' முறை. கூட்டாளி தங்கியிருந்த சித்தப்பா வீட்டுப் பழைய டிவியில் படம் ஓடியது, கலர் மட்டும் வரவில்லை. பதில் கடிதம் ஒரே வரி: 'கருப்பு உண்மையிலேயே கருப்பாகத்தான் வருகிறது.'

அந்தக் கடிதங்கள் எல்லாம் ஒரு பிஸ்கட் டின்னில் இன்னும் இருக்கின்றன. கூடவே தியேட்டர் வாசலில் வாங்கிய பாட்டுப் புத்தகங்கள், கிழித்த டிக்கெட்டுகள்.

2007 ஜூன் 15-இல் 'சிவாஜி' வெளியானது. ஜூலையில் கூட்டாளி குடும்பத்தோடு வந்தான். கைக்குழந்தை இல்லை இன்னும், புதுப் பெண்டாட்டி மட்டும். இரண்டு பேரும் பழைய மாதிரியே போய்ப் படம் பார்த்தார்கள். விசில் அடித்தார்கள். திரும்பி வரும்போது அவன் உற்சாகத்தில் பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து பிரித்துக் காட்டினான். கூட்டாளி ஒவ்வொரு டிக்கெட்டாக எடுத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தான். "நீ இன்னுமா இதையே கட்டிக்கிட்டு அழறே?"

கெட்ட எண்ணத்தில் கேட்டதில்லை. ஆனால் அந்த வருஷம் அவனுக்கு முப்பது வயசு. வேலை நிலையாக இல்லை, கல்யாணம் ஆகவில்லை, தங்கச்சி கல்யாணக் கடன் இருந்தது. ஊரிலுள்ள எல்லோரும் வேறு வேறு வார்த்தையில் கேட்டுக்கொண்டிருந்த கேள்விதான் அது. இவனும் கேட்டுவிட்டான், அவ்வளவுதான் வித்தியாசம். சண்டை போட்டிருந்தால் குணாவுக்கு அப்புறம் சரியானது மாதிரி இரண்டு வாரத்தில் சரியாகியிருக்கும். அவன் சண்டை போடவில்லை. டின்னை மூடி வைத்துவிட்டுக் காப்பி கொண்டுவரப் போனான். அதற்கப்புறம் ஒன்பது வருஷம் பேச்சு இல்லை.

படம் பார்ப்பது நிற்கவில்லை, அது நிற்குமா. ஆனால் தனியாகப் பார்க்கிறவனின் பார்வை மாறித்தான் போகிறது. அந்த வருஷங்களில்தான் அவன் பெரிய வாய்க்காலைத் தாண்டிப் படம் பார்க்கப் போக ஆரம்பித்தான். ஊரை வடக்கு தெற்காக வெட்டுகிற வாய்க்கால் அது. கிழக்கே மஞ்சள் சுவரும் கடற்கரையும் உள்ள ஒயிட் டவுன், மேற்கே தமிழர் தெருக்கள். அவன் விசில் அடித்த தியேட்டர்கள் எல்லாம் மேற்கே. சினிமாக்காரர்கள் ஷூட்டிங் எடுப்பது பெரும்பாலும் கிழக்கே. 2003-இல் வந்த இந்தி 'ஜிஸ்ம்' ஆகட்டும், வேறு எந்தப் படமாகட்டும், மேற்கிலிருந்து போய் வேடிக்கை பார்த்துவிட்டு, மேற்கே திரும்பி வந்து டிக்கெட் எடுத்து, தன் ஊரையே வெளிநாடு மாதிரிப் பார்ப்பான் புதுச்சேரி ரசிகன். 'நானும் ரௌடிதான்' 2015-இல் வந்தபோதுதான் திரையில் இருக்கிறவர்களும் இந்த ஊர்க்காரர்கள் என்று தோன்றியது.

கிழக்கே அலியான்ஸ் பிரான்சேஸில் பிரெஞ்சுப் படம் போடுவார்கள். நவதர்ஷன் திரைப்படக் கழகமும் அரசும் சேர்ந்து நடத்துகிற திரைப்பட விழா உண்டு. சிறந்த தமிழ்ப் படத்துக்கு அங்கே தருகிற விருது சங்கரதாஸ் சுவாமிகள் பெயரில். நாடகத்துக்காகவே வாழ்ந்து, 1922 நவம்பர் 13 அன்று இந்த ஊரில் இறந்து, கருவடிக்குப்பத்தில் அடக்கமானவர். அங்கெல்லாம் யாரும் விசில் அடிப்பதில்லை. கீழே ஓடுகிற எழுத்தைப் படித்துக்கொண்டு அமைதியாகப் பார்க்க வேண்டும். தூர்தர்ஷனில் ஞாயிறு மதியம் போடுகிற மாநில மொழிப் படங்களில் அவனுக்கு ஏற்கெனவே பழக்கமான வேலைதான்.

2015-இல் 'தீபன்' கான் விழாவில் தங்கப்பனை விருது வாங்கியது. ஜாக் ஓதியார் எடுத்த பிரெஞ்சுப் படம். கதாநாயகன் ஷோபாசக்தி, எழுத்தாளர், சிறுவயதில் இயக்கத்தில் இருந்தவர், பிறகு அகதியாகப் பிரான்சுக்குப் போனவர். ஒருவரையொருவர் தெரியாத மூன்று பேர் குடும்பம் என்று பொய் சொல்லி பிரான்சுக்குப் போகிறார்கள். அவன் அதை டிவிடியில் தனியாகப் பார்த்தான். பேச்சில் பெரும்பகுதி தமிழ். வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு பிரெஞ்சுப் படத்தில் அவனுக்கு எழுத்துப் படிக்க வேண்டிய அவசியமே இல்லை, பிரெஞ்சுக்காரன்தான் படிக்க வேண்டும். அந்த அல்ப சந்தோஷம் பத்து நிமிஷம். அப்புறம் அந்த அடுக்குமாடிகள் வந்தன. பாரிசின் புறநகர், நீளநீளமான கட்டடம், உடைந்த லிப்ட், படிக்கட்டில் நிற்கிற பையன்கள். படத்தை நிறுத்திவிட்டு டின்னைத் திறந்து பழைய கடிதங்களை எடுத்துப் படித்தான். பதினோரு வருஷக் கடிதம். எந்தப் படம் எப்போது வந்தது, எந்தக் கடையில் கேசட், எல்லாம் இருந்தது. தான் எந்த மாதிரி வீட்டில் இருக்கிறான், என்ன வேலைக்குப் போனான், யாராவது பேச இருந்தார்களா, ஒரு வரி இல்லை. அவனும் கேட்டதில்லை. மில் மூடி மூடித் திறந்ததையும், அப்பா படுக்கையில் விழுந்ததையும் அவன் எழுதியதில்லை. இரண்டு பேரும் பதினோரு வருஷம் 'யாரு படம்?' மட்டுமே கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

அன்றைக்கே போன் செய்திருக்கலாம். செய்யவில்லை. என்ன சொல்லித் தொடங்குவது?

2016 ஜூலை. 'கபாலி' ரிலீஸ் நேரம். பாரிசில் கிரான் ரெக்ஸ் என்று ஒரு தியேட்டர், 1932-இல் கட்டியது, பெரிய அரங்கில் மட்டும் சுமார் 2,700 இருக்கை. அங்கே ரஜினி படம். இங்கே நள்ளிரவு தாண்டி அரை மணி. தெரியாத நம்பரிலிருந்து போன், தொடக்கத்தில் 33. எடுத்தால் பேச்சு இல்லை, ஒரே இரைச்சல். விசில், கத்தல், காகிதம் பறக்கிற சத்தம், நடுவில் ஏதோ பின்னணி இசை. ராங் நம்பர் என்று வைக்கப் போனவன் வைக்கவில்லை. கட்டிலில் எழுந்து உட்கார்ந்து காதோடு அழுத்திக்கொண்டான். ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம்.

பிறகு போனுக்குள்ளிருந்து ஒரு குரல் கத்தியது. "என்ன சீன் சொல்லு?"

"என்ட்ரி."

"தப்பு. என்ட்ரி முடிஞ்சுபோச்சு. மார்க் போச்சு உனக்கு."

இருவரும் 2007 பற்றி அன்றைக்கும் பேசவில்லை, அதற்கப்புறமும் பேசவில்லை. ஆனால் அடுத்த வாரம் அவன் போன் செய்து முதல் கேள்வியாக, "வீடு எப்படிடா இருக்கு?" என்று கேட்டான். கூட்டாளி சொல்ல ஒன்றரை மணி நேரம் ஆனது. சினிமா பேச நேரமே இல்லை.

2024 ஆகஸ்டில் கூட்டாளி மகனோடு வந்தான். பதினாலு வயசு. தமிழ் புரியும், பேசினால் கொஞ்சம் ழகரம் கூடுதலாக விழும். அவனுக்கு இந்த ஊரைப் பற்றித் தெரிந்தது ஒரே ஒரு படம், 'லைஃப் ஆஃப் பை'. யான் மார்டெல் 2001-இல் எழுதிய நாவல், ஆங் லீ 2012-இல் எடுத்த படம். கதைப்படி பையின் அப்பாவுக்குத் தாவரவியல் பூங்காவில் மிருகக்காட்சி சாலை. பையன் பூங்கா முழுக்கச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டான், "புலி எங்கே?" இந்த ஊரில் அப்படி ஒரு மிருகக்காட்சி சாலையே கிடையாது, கடல் காட்சிகளைத் தைவானில் தொட்டி கட்டி எடுத்தார்கள், புலியிலும் பெரும்பங்கு கம்ப்யூட்டரில் செய்தது என்று அவன் விளக்கினான். பையனுக்கு முகம் தொங்கிப் போனது. பாட்டில் குதிரை இல்லாமல் போன அன்றைக்கு இரண்டு பேருக்கும் இப்படித்தான் தொங்கியிருக்கும்.

திரும்பும்போது மூவரும் ஆட்டோவில். ஆட்டோ டிரைவரிடம் அவன், "ராஜா தியேட்டர் சிக்னல் வழியா போங்க" என்றான். இந்த ஊரில் வழி சொல்வது அப்படித்தான். ராஜா தியேட்டர் சிக்னல், அஜந்தா சிக்னல். அங்கே ஒரு படம்கூடப் பார்க்காதவர்களும் இந்தப் பெயரைச் சொல்லித்தான் இடதும் வலதும் திரும்புகிறார்கள். சிக்னலில் சிவப்பு விழுந்தது. பையன் இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டான்.

"தியேட்டர் எங்கே?"

"இங்கதான்டா உங்கப்பன் குணாவுக்குக் கத்துனான்" என்று அவன் ஆரம்பித்தான்.

"டேய், அது இங்க இல்ல. இங்க பாத்தது தளபதி."

"தளபதி காலைல பாத்தோம், அது வேற தியேட்டர்."

"காலைல பாத்ததுதான் இது. வெளிய வந்து பரோட்டா தின்னோம் இல்ல?"

"பரோட்டா தின்னது குருதிப்புனல் அன்னிக்கி."

பச்சை விழுந்தது. பின்னால் இருந்த பஸ் ஹாரன் அடித்தது. டிரைவர் கியரைப் போட்டுக்கொண்டே கண்ணாடியில் இருவரையும் ஒரு பார்வை பார்த்தார். அவருக்கும் ஐம்பது இருக்கும்.

"அண்ணே, ரெண்டு பேரும் தப்பு" என்றார்.